எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது?

சென்ற விடுமுறையில் பேராதனைப் பூங்காவுக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். சைக்கிளில் வந்த வெளிநாட்டுப் பெண்ணொருவர் பிரதான வீதியில் ஏறியதும் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். எதிரே பஸ். சாரதி பிரேக்கை மிதித்தார். நல்ல வேளை, ஒன்றும் நடக்கவில்லை. "இவங்களுக்கெல்லாம் ஏன் சைக்கிள் குடுக்கிறாங்க?" என்று பக்கத்தில் நின்றவர் ஏசினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் வந்து சொன்னபோது உம்மா சிரிக்கவில்லை. வாப்பா கட்டாருக்குப் போன முதல் மாதம், தோஹாவில் வீதியைக் கடக்கும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தாராம். வாகனம் வந்தது இடது பக்கத்திலிருந்து. கூடப் போனவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால்... அந்த வாக்கியத்தை உம்மா முடிப்பதேயில்லை.

அந்தப் பெண் செய்ததும் அதே பிழைதான். ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் வலது பக்கமே ஓடுகிறார்கள். 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி சுவீடன் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியபோது, நாடு முழுவதையும் பல மாதங்கள் பழக்கினார்கள். கண்டிக்கு வரும் பயணியோ விமானத்தால் இறங்கிய மறுநாளே தனியாக மாற வேண்டியிருக்கிறது.

வாகனம் ஓட்ட விரும்பும் வெளிநாட்டவர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். சைக்கிளுக்கு அப்படி எதுவுமில்லை. அதனால் சைக்கிளில் ஏறுபவருக்கு நம் வீதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எந்த அலுவலகமும் குறுக்கே வருவதில்லை. சொல்லக்கூடியவர், சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவர்தான்.

அவர் சொல்ல வேண்டியவை இடது பக்கம் என்பதோடு முடியாது. எழுதப்படாத சட்டங்களே நம்மிடம் அதிகம். எதிரே வரும் வாகனம் விளக்கை மின்னினால் ஐரோப்பாவில் பலருக்கு "நீங்கள் போங்கள்" என்று பொருள். இங்கே பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்லுங்கள்" என்று பொருள். இந்த ஒன்றை அறியாமல் திரும்புகிறவரின் கதி என்ன? ஹோர்ன் அடித்தால் ஏசுகிறார்கள் என்று நினைத்துத் திடுக்கிட்டு வளைக்கவும் கூடாது. முந்தப் போகிறோம் என்ற அறிவிப்புத்தான் அது. கடுகண்ணாவைச் சரிவிலோ ஹந்தானைப் பாதையிலோ மழை ஈரத்தில் இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் வழுக்கும். ஆறரை மணிக்கெல்லாம் சட்டென்று இருட்டிவிடும். அவர்களுடைய கோடைகாலத்து நீண்ட அந்தி இங்கே கிடையாது. முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாத சைக்கிளை மாலையில் கொடுக்கவே கூடாது.

தலைக்கவசம் வேண்டுமா என்று கேட்டால், கேட்காமலே கொடுங்கள் என்பேன்.

இதையெல்லாம் சொல்லும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. பாதசாரிக் கடவையில் நாங்கள் வெள்ளைச் சீருடையோடு நிற்க, எத்தனை பேர் வாகனத்தை நிறுத்துகிறார்கள்? பிள்ளையைப் பாடசாலையில் இறக்கும் அவசரத்தில் கடவையின் மேலேயே ஓட்டோவை நிறுத்தும் பெற்றோர், இதை வாசித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜும்ஆ நேரத்தில் நடைபாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களும் நம்முடையவைதான். பாதைக்கும் உரிமை உண்டு என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். விருந்தாளி ஒழுங்கைத் தேடிப் பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது நம் நடத்தையே.

எங்கள் வகுப்பில் ஒரு யோசனை வந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளிலும் ஒரு சிறிய அட்டை. சைக்கிளின் கைபிடியில் கட்டிவிடலாம். "இடது பக்கம் ஓடுங்கள். கடக்கும்போது முதலில் வலது பக்கம் பாருங்கள். விளக்கு மின்னினால் நில்லுங்கள்." ஆங்கில அட்டையை நாங்களே எழுதிவிடுவோம். மற்ற மொழிகளுக்கு ஆசிரியை ஒருவரிடம் உதவி கேட்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் பெரியம்மா உம்றாவுக்குப் போகிறார். அவருக்கும் ஒரு அட்டை எழுதி துஆக் கிதாபுக்குள் வைத்திருக்கிறேன். அதில் மட்டும் "முதலில் இடது பக்கம்" என்று இருக்கிறது.