நாளொரு பதிவும் பொழுதொரு படமும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் புறப்பட்டு, பம்பைமடுப் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டி மேற்கே வருகிறவர்களுக்குப் பூவரசங்குளம் ஒரு சந்தியாகவும் சில கடைகளாகவும் மாத்திரமே தோன்றக்கூடும். ஆயினும் நெல்லையும் உழுந்தையும் நம்பி வாழும் இந்தப் பக்கத்தில், மில் வைத்திருப்பவர், தையற்கடைக்காரர், வீட்டிலிருந்தே மாவும் தூளும் செய்து விற்கும் பெண்கள் என்று, எவரிடமும் சம்பளத்துக்கு நில்லாமல் தம் கையால் ஜீவனம் செய்கிறவர்கள் பலர் உண்டு. அவர்களைக் கூட்டிவைத்து உபதேசிப்பது இக்காலத்தில் ஒரு தர்ம கைங்கரியமாகிவிட்டது. சென்ற வருஷம் நடந்த அப்படிப்பட்ட பயிற்சி வகுப்பொன்றில் பின்வரிசைக் கதிரையொன்றில் நானும் இருந்தேன். நகரத்திலிருந்து வந்த இளைஞர், நல்ல உள்ளத்தோடுதான், ஒரு சித்தாந்தத்தை நிறுவினார்: முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்டொக்கிலும் நாள்தோறும் பதிவிடாத சிறு வியாபாரி இனித் தலையெடுக்க மாட்டான், அதற்குச் செலவோ ஒரு சதமும் இல்லை, பார்ப்பவர் தொகை பெருகப் பெருக வாங்குபவர் தொகையும் பெருகும். கேட்டிருந்தவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். இன்று வங்கி அதிகாரி முதல் பத்திரிகைக்காரர் வரை இதையே சொல்வதால், இதை ஒருமுறை நிறுத்திவைத்து ஆராய்வது பிரயோஜனமுள்ள காரியம் என்று எனக்குப் படுகிறது.

செலவில்லை என்ற வாதத்தை முதலில் எடுக்கிறேன். ஏனெனில் ஏழைகளை அதிகம் மயக்குவது அதுதான். அந்த வகுப்புக்கு வந்திருந்தவர்களில் என் அயலில் கறித்தூள் செய்து விற்கும் தங்கச்சி ஒருத்தியும் இருந்தாள். செத்தல் மிளகாயை வெயிலில் காயவைத்து, மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, ஆறவிட்டுப் பொதி செய்வது அவளுடைய தொழில். வகுப்பு முடிந்த மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, அடுப்புக்கு எதிரே வெறும் பால்மா ரின் ஒன்றின்மேல் கைத்தொலைபேசி சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காகச் சட்டியை வழக்கமான மூலையிலிருந்து வாசற்பக்கம் இழுத்து வைத்திருந்தாள். முதற்தரம் எடுத்த காட்சியில் பின்னால் கோழி வந்துவிட்டதென்று இரண்டாந்தரம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டாந்தரத்தின் நடுவில் மல்லி கருகிவிட்டது.

“கருகிப்போச்சு அண்ணை. ஆனா வீடியோவில அது தெரியாதுதானே,” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அந்த மல்லியை முற்றத்தில் கொட்டினாள்.

ஒரு நிமிஷப் படம் ஒன்றை எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, தலைப்பெழுதி, வந்த கருத்துகளுக்குப் பதிலும் எழுத அவளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. மாதத்துக்கு அறுபது மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பிரித்தால் ஏழரை நாள். ஏழரை என்ற எண்ணைத் தமிழர் காரணமில்லாமல் அஞ்சுவதில்லை. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத ஒருவருக்குத் தம்முடைய நேரமே மூலதனம். அதைச் செலவென்று எழுதாத கணக்கு கணக்கேயாகாது. இதைவிட, பதிவு பலருக்குப் போகவில்லையென்று கண்டபின் காசு கட்டி ‘பூஸ்ட்’ பண்ணச் சொல்லும் அறிவித்தல் வருகிறது. அதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இடங்கொடுக்கும் வங்கி அட்டை வேண்டும். அஃதில்லாதவர்கள் நகரத்தில் ஒருவரிடம் காசைக் கொடுத்து அவர் கழிவும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். இலவசம் என்று தொடங்கிய பாதை இப்படித்தான் ரூபாவில் வந்து முடிகிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமையுள்ள மெட்டா கம்பனி 2023ஆம் ஆண்டில் ஈட்டிய வருமானம் ஏறத்தாழ 135 பில்லியன் டொலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. தினமும் பதிவிடு என்ற உபதேசத்தால் முதலில் பயனடைகிறவர் யார் என்று கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை.

விடாமல் பதிவிட்டு ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துவிட்டால் அது அழியாத சொத்து என்பது அடுத்த வாதம். சொத்தென்றால் உறுதி நம் பெயரில் இருக்கவேண்டும். 2018 ஜனவரியில் முகநூல், உறவினரும் நண்பரும் இடுவனவற்றுக்கே முதலிடம் தரப்போவதாகவும் வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்றும் அறிவித்தபோது, வருஷக்கணக்காகப் பக்கம் வளர்த்தவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. 2020 ஜூன் 29ஆந் திகதி இந்திய அரசாங்கம் டிக்டொக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்ததும், தமிழ்நாட்டில் அதையே கடைவாசலாக வைத்திருந்தவர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. நம் நாட்டிலேயே 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர்த் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டத்தின்போதும் அரசாங்கம் சமூக ஊடகங்களை நிறுத்திவைத்தது. 2021 அக்டோபர் 4ஆந் திகதி அரசாங்கம் எதுவும் தலையிடாமலே முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகமெங்கும் சுமார் ஆறு மணித்தியாலம் ஸ்தம்பித்தன. இடம்பெயர்வையும் பொருளாதாரத் தடையையும் கண்ட வன்னிச் சனத்துக்கு, பிறர் கையிலுள்ள வழியை மட்டும் நம்பியிருப்பது எத்தகையது என்று நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பிறர் நிலத்தில் கடை போடலாம்; அத்திவாரம் வெட்டக்கூடாது.

இனி, பார்ப்பவர் பெருகினால் வாங்குபவர் பெருகுவர் என்ற பிரமை. தங்கச்சியின் படங்களில் ஒன்று நன்றாகவே ஓடியது. பரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பலர் எழுதியிருந்தார்கள்: ஊர் ஞாபகம் வருகிறது, அம்மாவின் அடுப்படி போலிருக்கிறது, கண் கலங்குகிறது என்று. அந்தக் கண்ணீரை நான் பரிகசிக்கவில்லை; அது வாஸ்தவமான கண்ணீர். ஆனால் ஒரு கிலோ தூளை விமானத்தில் அனுப்பும் கிரயம் தூளின் விலையைவிட அதிகம் என்று தெரிந்ததும் அவர்களுள் ஒருவரும் வாங்கவில்லை. அதே மாதத்தில் ஓர் அந்தியேட்டி வீட்டில் சமைக்க வந்தவர், குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “இந்தத் தூள் எங்க எடுத்தது?” என்று கேட்டிருக்கிறார். அவர் அடுத்த கலியாண வீட்டுக்கும் அதற்கடுத்த சாமத்திய வீட்டுக்கும் ஐந்தைந்து கிலோவாக எடுத்தார். மணத்தாலும் ருசியாலும் விலைபோகும் பண்டத்துக்கு நாக்கே சாட்சி. தொலைபேசித் திரைக்கு இன்னும் மூக்கு முளைக்கவில்லை.

இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயமாகச் சேரவேண்டியதை நான் மறைக்கலாகாது. கேக் செய்கிறவருக்கும் மணப்பெண் அலங்காரம் செய்கிறவருக்கும் படமே பாதி வியாபாரம். கனடாவிலுள்ள மகன் வவுனியாவிலுள்ள தாயின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பவேண்டுமென்றால், படம் பார்த்தே தெரிவுசெய்கிறான். காசு அங்கிருந்து வருகிறது, கேக் இங்கே போகிறது, விமானக்கூலி என்ற தொல்லையுமில்லை. 2020 மார்ச் 20ஆந் திகதி ஊரடங்கு வந்தபோது, பூட்டிய கடைகளிலிருந்து அரிசியும் பருப்பும் வீடுகளுக்குப் போய்ச்சேரத் தொலைபேசியும் வாட்ஸ்அப்பும் உதவின. விளம்பரம் என்பதே கீழான காரியம் என்று சொல்லவும் நான் வரவில்லை. பட்டினப்பாலை வருணிக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்திலேயே கொடி பறந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபின் பற்பொடி விளம்பரம் கேட்டே பல் துலக்கிய தலைமுறை நம்முடையது. ஆனால் கொடியைக் கட்டிவிட்டு வியாபாரி கடைக்குள் போய்விட்டான். நாள் முழுதும் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று ஆடும்படி அவனை எவரும் கேட்கவில்லை. வள்ளுவரும் வாணிகஞ் செய்வாருக்குரிய நெறியை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். சொல்வன்மையை அமைச்சருக்கு விட்டுவிட்டார்.

எல்லாத் தளங்களிலும் இருந்தாக வேண்டும் என்ற கடைசி வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. ஒரு சந்தியில் கடை வைத்திருப்பவன் அடுத்த நாலு சந்தியிலும் தான் இல்லையே என்று ஒருபோதும் வருந்தியதில்லை.

ஆகவே அந்தத் தங்கச்சியைப் போன்றவர்களுக்கு என் அபிப்பிராயம் இது: வாங்கினவர்களுடைய இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டுமன்றிக் கொப்பியிலும் எழுதிவைக்கட்டும், சரக்கு வந்தபோதும் தீர்ந்தபோதும் விலை மாறியபோதும் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அறிவிக்கட்டும், கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லட்டும், மிஞ்சிய நேரத்தில் ஆசையிருந்தால் படமும் எடுக்கட்டும், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு எடுக்கட்டும். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை வரும்போது ஒரு தராசையும் ஒரு கணக்குக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்; எங்கள் ஊரில் பலர் ஒரு கிலோ தூளுக்குத் தங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.

சென்ற வியாழக்கிழமை பின்னேரம் தங்கச்சியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டுமில்லை, படமுமில்லை. ‘நாளைக்குத் தூள் இல்லை, மிளகாய் காயேல்லை. சனிக்கிழமை காலம எடுக்கலாம்’ என்று மட்டும் இருந்தது. அன்றிரவு படுக்கப் போகுமுன் ஒன்பது பேர் சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களுள் இருவர் அரைக் கிலோதான் கேட்டார்கள்.