எனக்கு ஏ.சி., தக்காளிக்கு வெயிலா?

போன தடவை ஊருக்கு (அதாங்க, வீரகேரளம்புதூர்) ரயில்ல ஏ.சி. பெட்டியில போனேன். நடுராத்திரி குளிர் தாங்கல, கம்பளிக்குள்ள சுருண்டுட்டேன். காலையில வீட்டுக்குப் போனா, சித்தப்பா கூடை கூடையா தக்காளியை மாட்டுக்குக் கொட்டிட்டு இருக்கார். "ஏல, பறிப்புக்கூலியும் வண்டி வாடகையும்கூட தேறாதுல"ன்னார். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

காய்கறிக்கு ரயில்ல குளிர்பதன வேன்னு பேச்செடுத்தாலே "நம்ம நாட்டுக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆகாது பாஸ்"னு சொல்ல ஒரு கூட்டம் இருக்கு. 1934-லேயே ஃபிரான்டியர் மெயில்ல ஐஸ் கட்டி வச்சு பெட்டியைக் குளுகுளுன்னு ஆக்கினாங்களே, துரைமாருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படி ஆச்சு?

அமெரிக்காவுலயும் இதே பல்லவிதான். 1878 வாக்கில குஸ்டாவஸ் ஸ்விஃப்ட்ங்கிற இறைச்சி வியாபாரி, ஆண்ட்ரூ சேஸ்னு ஒரு இன்ஜினியரைப் பிடிச்சு, மேல ஐஸ் வச்சா குளிர்காத்து கீழ இறங்குற மாதிரி வேன் செஞ்சார். பெரிய ரயில் கம்பெனிகள் இழுக்க மாட்டேன்னுட்டாங்க. உயிரோட மாட்டை ஏத்தினாத்தானே எடை அதிகம், வாடகையும் அதிகம்! மனுஷன் விடல. சொந்தமா வேன் கட்டி, கிராண்ட் டிரங்க் ரயில்வேயில மாட்டி அனுப்பினார்.

இங்க என்ன நடந்துச்சு? 2020 பட்ஜெட்ல குளிர்பதனப் பெட்டியோட கிசான் ரயில்னு அறிவிச்சாங்க. அந்த ஆகஸ்ட் 7-ல தேவ்லாலியில இருந்து தானாபூருக்கு முதல் வண்டி கிளம்புச்சு. ஆனா கிசான் ரயில்னு ஓடினது பெரும்பாலும் சாதா பார்சல் வேன். கபூர்தலாவுல செஞ்ச குளிர்பதன வேன் அப்போ மொத்தமே 9, ஒவ்வொண்ணும் 17 டன். இம்மாம் பெரிய நாட்டுக்கு ஒம்பது! அதுவும் போகவர சேர்த்து புக் பண்ணணுமாம். சித்தப்பா திரும்பி வர்ற வேன்ல எதை ஏத்துவார்?

"பால் மட்டும் கெடாம போகுதே"ன்னு கேப்பீங்க. 2020 மார்ச்ல ரேணிகுண்டாவுல இருந்து டெல்லிக்குக் கிளம்பின தூத் துரந்தோ ரயில்ல 40,000 லிட்டர் டாங்கர்கள். சூட்சுமம் டாங்கர்ல இல்லீங்க. பாலை ஏத்துறதுக்கு முன்னாடியே நல்லா குளிரவச்சுடறாங்க, டாங்கர் அந்தக் குளிரைக் காப்பாத்துது, அவ்ளோதான். காய்கறி வேனும் அப்படித்தான். வயல் சூட்டோட தக்காளியை உள்ள அடைச்சா, அந்தச் சூட்டை எடுக்க அதால சீக்கிரத்துல முடியாது. ரொம்பக் குளிரவச்சாலும் தக்காளி வீணாப்போகும். சின்ன வெங்காயத்துக்கோ குளிரைவிட காத்தோட்டம்தான் முக்கியம். இதெல்லாம் ராக்கெட் சயின்ஸா என்ன?

அதனால வெறும் வேனைக் காட்டி ஏமாத்தாதீங்க சாமி. எங்க பக்கம் பாவூர்சத்திரத்துல பெரிய காய்கறி சந்தை இருக்கு, ரயில்வே ஸ்டேஷனும் இருக்கு, 2012-ல அகலப்பாதையும் வந்தாச்சு. அங்கேயே ஒரு முன்குளிரூட்டும் அறை கட்டுங்க. வாரம் ரெண்டு நாள் ஒரே ஒரு வேன், ஒருவழி வாடகைக்கு, சென்னைக்குக் குடுங்க. ரெண்டு நிமிஷ நிறுத்தத்துல 17 டன் ஏத்த முடியாது, அதனால வேனை முன்கூட்டியே தனி லைன்ல நிறுத்துங்க. ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க, கட்டுப்படி ஆகுதா இல்லையான்னு.

லாரியே போதும்னு சொல்ற நண்பர்கள் பின்னூட்டத்துல வரலாம், சண்டைக்கு நான் ரெடி :-) சித்தப்பா இந்தப் பூவுக்கு மக்காச்சோளம் போட்டுட்டார்.