சுவரின் மண்ணை ரசிக்கும் முன் நிலத்தைப் பற்றிப் பேசுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளைக் கட்டடக்கலை இதழ்களும் இன்ஸ்டாகிராம் பக்கங்களும் கொண்டாடித் தீர்க்கின்றன. பூசாத மண் சுவர், ஆத்தங்குடிக் கல், எங்கிருந்தோ பெயர்த்து வந்த செட்டிநாட்டுத் தூண், முற்றத்தில் நீச்சல் குளம். வாரத்துக்கு இரண்டு நாள் தங்கத்தான் இவ்வளவும். 'கிராமத்து எளிமைக்குத் திரும்புகிறோம்' என்ற பெருமை வேறு.

எந்தக் கிராமத்துக்கு என்று கேட்கிறேன். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடப்பதுதானே நம் கிராமம்? அதைப் புனிதப்படுத்தியவர்களுக்கு 1948இலேயே அரசியல் நிர்ணய சபையில் பதில் சொல்லிவிட்டார் அண்ணல் அம்பேத்கர்.

யார் எப்படிப்பட்ட வீட்டில் வாழலாம் என்பதையே சாதிதான் இங்கே தீர்மானித்தது. திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வீடு கட்டக் கூடாது. 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது சாதி இந்துக்கள் விதித்த தடைகளில் ஒன்று, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது ஒரு குடிசைக்குள் வைத்து. 1995இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து நொறுக்கியது, தலித் மக்கள் உழைத்துச் சேர்த்த வீட்டுப் பொருள்களை. குடிசையில் இருந்தாலும் குற்றம், காரை வீடு கட்டினாலும் குற்றம்.

நானும் மண் சுவர் வீட்டில் வளர்ந்தவன்தான். ஐப்பசி மழையில் சுவர் ஊறும்போது, எந்தப் பக்கம் சரியுமோ என்று அம்மா விடிய விடிய உட்கார்ந்திருப்பார். கான்கிரீட் கூரை போட்ட பிறகுதான் மழைக்காலத்தில் அவர் தூங்கினார். அந்தக் காலனி வீட்டைப் பார்த்து 'அழகில்லை' என்று உதட்டைப் பிதுக்க உங்களுக்கு என்ன தகுதி?

மண் கட்டுமானம் சுற்றுச்சூழலுக்கு நல்லதாயிற்றே என்பார்கள். நல்லதுதான். லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லையும் மண்ணையும் ஏழைகளின் செலவைக் குறைக்கப் பயன்படுத்தினார். இன்று கலைஞர் கனவு இல்லத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். அந்த 360 சதுர அடியைக் காற்றோட்டமாக, வெக்கையில்லாமல் அமைக்க எத்தனை நட்சத்திரக் கட்டடக்கலைஞர்கள் மெனக்கெடுகிறார்கள்?

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியதற்காகத்தான், 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். உங்கள் பண்ணை வீடுகள் வரிசை கட்டும் அதே செங்கல்பட்டு மண்ணில்தான் இது நடந்தது.

எல்லாப் பண்ணை வீடும் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். கட்டடக்கலை படிக்கும் தோழர்களே, வரைபடத்தில் முதல் கோடு போடும் முன் அந்த நிலத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பஞ்சமி என்று இருந்தால், அந்த வேலையைச் செய்ய மாட்டோம் என்று சொல்லுங்கள்.