ஒரே தகரத்தின் கீழே



இன்று விடியற்காலை நான்கரைக்கு எழும்பியபோது என் கம்பளி நனைந்திருந்தது. மழை இல்லை. வானத்தில் மேகமே இல்லை. தகரம் வேர்த்துச் சொட்டியிருக்கிறது. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். கீழே ஆறு பேர் விடும் மூச்சு அதில் முட்டித் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் திரும்ப நம் மேலேயே விழும்.

மார்கழி வந்துவிட்டது. தை பிறந்தால் நுவரெலியாப் பக்கத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாய்ப் படியும். படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து வேன் வேனாய்ச் சனம் வரும். அதே இரவில் நம் பிள்ளைகள் சிமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அதற்கு முன் குளிர் புகும் பொத்தல்களை அடைக்க நமக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான். அதனால்தான் இந்த அவசரம்.

சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ‘தனி வீடும் காணியும் கேட்டுப் போராடுகிற நாம் இந்த லயத்துக்கு ஒட்டுப் போடலாமா? ஒட்டுப் போட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று துரைமார் சொல்ல மாட்டார்களா?’ நியாயமான கேள்வி. பல வருசம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 1992இல் தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. லயம் அப்படியே இருந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட் மேடையில் இன்னும் 10,000 வீடுகள் என்றார். நானும் கை தட்டினேன். ஏழு பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்றபோதும் கை தட்டினேன். கை சூடானதுதான் மிச்சம்.

ஆகவே ஒட்டுப் போடுவதையே சாட்சியமாக்குவோம். அடைப்பதற்கு முன் ஒவ்வொரு பொத்தலையும் போனில் படம் எடுங்கள். அடி, அங்குலம் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தக் காம்பரா, எத்தனை தகரம் துருப்பிடித்தது, எந்தச் சுவர் ஈரம் என்று எல்லாம் அதில் ஏறட்டும். அந்தக் கொப்பி அடுத்த பேச்சுவார்த்தைக்கு நம்மோடு வரும். கொழுந்து வாடுவதற்குத் தொழிற்சாலையில் சூடான காற்று ஊதுகிறார்கள். பறித்தவள் மட்டும் ஏன் நடுங்கிக்கொண்டு தூங்குகிறாள் என்று படத்தோடு கேட்போம்.

இனி வேலைக்கு வருகிறேன். லயம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாய் நிற்க, மேலே ஒரே கூரை. பழைய லயங்களில் நடுச்சுவர் தகரம் வரை போகாது. வரிசையின் கடைசியில் நிற்கும் தொங்கக் காம்பராவில் புகுந்த காற்று எட்டாவது வீட்டு விளக்கை அணைக்கும். ஆகவே ‘என் வீட்டை மட்டும் நான் அடைத்துக்கொள்கிறேன்’ என்பது இங்கே செல்லாது. கொழும்புக்குப் போன குடும்பம் பூட்டிவிட்டுப் போன காம்பரா இருக்கிறதே, அதுதான் லயத்தின் குளிர்க்கிணறு. இரண்டு பக்கத்துச் சுவர்ச் சூட்டையும் அது குடிக்கிறது. அவர்களிடம் போனில் கேட்டு, திறந்து, அதையும் அடைக்க வேண்டும். மூன்று பக்கமும் வெளிச்சுவராய் நிற்கும் தொங்கக் காம்பராவில்தான் முதலில் கை வைக்க வேண்டும், அங்கே இருப்பவர் யாரோடு கோபமாய் இருந்தாலும்.

சூடு மேலேதான் ஓடும். அதனால் கதவுக்கு முன்னால் கூரையைக் கவனிப்போம். 50 கிலோ உரச்சாக்கைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய நாலடிக்கு மூன்றடி வரும். பன்னிரண்டு சாக்கை நன்றாய்க் கழுவிக் காயவைத்து, சாக்கூசியால் தைத்தால் ஒரு காம்பராவுக்கு முழுச் சீலிங். அதைத் தகரத்தோடு ஒட்ட வைக்காதீர்கள். ஓரடியாவது கீழே, சலாகையிலோ கம்பியிலோ இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நிற்கும் அசையாத காற்றுதான் நமக்குப் போர்வை. முடிந்தவர்கள் இரண்டு அடுக்குப் போடுங்கள். தகரம் வேர்த்தாலும் சொட்டு சாக்கில் விழட்டும். அது ஒரு பக்கமாய் வடிய இலேசான சரிவு வையுங்கள்.

சுவருக்கும் தகரத்துக்கும் இடையே கை நுழையும் சந்துகளில் கிழிந்த படங்கு, பழைய சாரம், எது கிடைத்தாலும் உருட்டித் திணித்து, களிமண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துப் பூசலாம். பலகை யன்னலின் இடுக்குக்குக் கோதுமை மாப் பசையும் பத்திரிகைத் தாளும் போதும். கண்ணாடி உடைந்த இடத்தில் தெளிவான பொலித்தீனைச் சட்டத்தின் உள்பக்கம் இழுத்து அடியுங்கள், வெளிச்சமும் போகாது. பழைய காற்சட்டைக் காலில் மரத்தூளை அடைத்து இரண்டு முனையும் கட்டிக் கதவடியில் போடுங்கள். பாய்க்கு அடியில் கடை அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு மடிப்பாய் விரியுங்கள். போர்வை எத்தனை போர்த்தினாலும் சிமெந்து கீழேயிருந்து சூட்டை உறிஞ்சிவிடும்.

ஈரச் சுவர் சூடாகாது. கூரைப் பீலியை நேராக்கி, பின்சுவரோடு ஓடும் கானை வெட்டி விடுவது பெரிய வேலைதான். ஆனால் மலையில் கான் வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதும் நமக்குத்தான் தெரியும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கும் மழைக்காற்று மேற்கிலிருந்து மோதும். ஊவாப் பக்கத் தோழர்களுக்கு இப்போதைய மழையே வடகிழக்கிலிருந்துதான். எந்தச் சுவர் முதலில் என்பதை அவரவர் மலை பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதைச் சத்தமாய் வாசித்துக் காட்டுங்கள்: அடுப்பு மூலையை அடைக்கக் கூடாது. புகை போகும் சந்து திறந்தே இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே சாக்கும் வேண்டாம், பொலித்தீனும் வேண்டாம், வெறும் தகரம் இருக்கட்டும். சாக்கு பற்றினால் உருகித் தீயாய்ச் சொட்டும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் முழு வரிசையும் போகும். நாம் எத்தனை செய்தியில் பார்த்திருக்கிறோம்! பழைய வயரில் ஹீட்டரை மாட்டுவதும் அதே கதைதான். கரிச்சட்டியைப் படுக்கும் இடத்துக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கரியில் புகை தெரியாது. ஆனால் அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பிள்ளைகளுக்குச் சூடு வேண்டுமென்றால் கொஞ்சம் ஆறிய சுடுதண்ணீரைப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். கவ்வாத்து மிலாறை இஸ்தோப்பில் உலர்த்தி எரித்தால் விறகும் மிச்சம், புகையும் குறைவு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பெரட்டுக் களம். பேர் போடுகிற நாளல்ல, ஆனாலும் எல்லாரும் வர வேண்டும். சாக்கூசியும் நூலும் அக்காமார் கொண்டுவாருங்கள். ஆனால் தைப்பதைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஆம்பிளைகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பெடியன்கள் அதற்கு முன்பே சாக்கு சேர்த்துக் கழுவிக் காயவைக்கட்டும். மருந்து வந்த பைகள் வேண்டாம், உரப்பை மட்டும். ஓ/எல் எழுதுகிற பிள்ளைகளில் ஒருவர் கொப்பி பிடிக்கட்டும். ஏணி ஆறாம் நம்பர் லயத்தில் இருக்கிறது, ஒரு படி உடைந்தது, பார்த்து ஏறுங்கள். தேத்தண்ணீரும் ரொட்டியும் என் வீட்டில். தொங்கக் காம்பராவின் தகரத்துக்குக் கீழே முதல் சாக்கை எட்டு மணிக்குக் கட்டுகிறோம்.