போர்மட் பண்ண முதல் ஒருக்கா வாசியுங்கோ

"போர்மட் பண்ணத்தான் வேணும். உள்ளுக்க இருக்கிறது எல்லாம் போகும்." காலி வீதியில் ஒரு கடைக்காரர் என்ர லப்டொப்பை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு இது.

உள்ளுக்க இருந்தது என்ர ஆய்வுக்கட்டுரைக்காகக் கொட்டாஞ்சேனையில் பதிவு செய்த பதினொரு நேர்காணல்கள். பேசின அம்மாமாரில் ஒருவர் அதற்குள் இறந்தும் விட்டார். வேற பிரதி எடுத்து வைக்கேல்லை. அது என்ர பிழைதான்.

நடந்தது இதுதான். மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. என்ர பழைய லப்டொப்பை விண்டோஸ் 11 ஏற்காது. புதுசு வாங்கக் காசில்லை. அதனால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸையும் போட்டேன். இன்ஸ்டோல் ஒழுங்காகத்தான் முடிஞ்சது. ஆனால் திறந்தால் நேராக விண்டோஸுக்கே போனது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, பயோஸ் செட்டிங்கில் 'யூஇஎஃப்ஐ' என்றிருந்ததை 'லெகசி' என்று மாற்றினேன். அதோட இரண்டுமே வரேல்லை. கறுப்புத் திரையும் ஒரு வெள்ளை வரியும்தான்.

களுபோவில அறைக்குத் திரும்பி மச்சாளுக்குக் கோல் எடுத்து அழுதேன். அவ கேட்டது ஒன்றே ஒன்று: "ஸ்கிரீன்ல என்ன எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்."

அதுவரை நான் அந்த வரியை வாசிக்கவே இல்லை. 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று இருந்தது. தொடங்கக்கூடியது எதையும் காணவில்லை என்று அர்த்தம். அழிஞ்சு போச்சு என்று அது சொல்லவில்லை. ஒழுங்கையின்ர பெயர்ப்பலகையை யாரோ மாற்றிவிட்டால் வீடு இடிஞ்சு போச்சு என்றா அர்த்தம்?

உபுண்டு போட்ட அதே பென் டிரைவில், இன்ஸ்டோல் செய்யாமலே பாவித்துப் பார்க்கிற வசதி இருக்கு. அதில் திறந்து பதினொரு பதிவுகளையும் முதலில் வெளியே கொப்பி பண்ணினோம். பிறகு 'லெகசி'யைத் திரும்ப 'யூஇஎஃப்ஐ' ஆக்கி, பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றினோம். அவ்வளவுதான்.

இது என்ர கதை மட்டுமில்லை. 2024 ஓகஸ்ட் மாதம் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலருடைய கம்பியூட்டர்களில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் தடுத்தது. பழைய பூட்லோடர்களைப் பாதுகாப்புக்காகத் தடை செய்ததுதான் காரணம். ஃபைல்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதே வருஷம் ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறில் கிட்டத்தட்ட 85 இலட்சம் விண்டோஸ் கம்பியூட்டர்கள் விழுந்தன. அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம், சேஃப் மோடில் போய்ப் பிழையான ஒரு ஃபைலை அழிப்பது.

கடைக்காரரைத் திட்ட வரேல்லை. போர்மட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியும். பிழை தேட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் இன்னும் ஐந்து பேர் நிக்கேக்க அவர் எதைத் தெரிவார்? ஆனால் அவருடைய நேரத்துக்கு வசதியான வழி, என்ர நேர்காணல்களுக்கு வைத்தியம் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கேட்க வேண்டியது நாங்கள்தான்.

நாங்கள் கேட்கிறதில்லை. "நாங்கள் ஆர்ட்ஸ்தானே, இதெல்லாம் விளங்காது" என்று ஒதுங்குகிறோம். ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்கு ஒரு மணித்தியாலம் விரிவுரை கேட்கிற ஆக்கள், திரையில் இருக்கிற நாலு சொல்லை வாசிக்கப் பயப்படுகிறோம். ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு காரணம், மறுக்கேல்லை. ஆனால் போனில் படம் பிடித்து யாரிட்டயாவது கேட்கலாமே.

ஒரு எச்சரிக்கை. பிட்லொக்கர் போட்டிருந்தால் பயோஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் உங்கட ஃபைல்களை நீங்களே திறக்க ஏலாது. முதல் அதை எடுத்து எழுதி வையுங்கோ. டிஸ்க்கே உடைஞ்சிருந்தால் கதை வேற, அதற்குப் பிரதி மட்டும்தான் மருந்து.

அந்தப் பென் டிரைவ் இப்ப என்ர மேசை லாச்சிக்குள்ள இருக்கு. உங்கட லப்டொப் பூட் ஆகாவிட்டால், கடைக்குப் போக முதல் ஒருக்கா சொல்லுங்கோ. கொண்டு வாறன்.