பன்றி சுடும் துப்பாக்கிக்கு எந்த 'ஸ்கோப்'? பெரிசா காட்டுவது எல்லாம் நல்லது இல்லை!

அயோத்தியாப்பட்டணம்:-

ஒரு பக்கம் ஜருகுமலை, இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை. நடுவில் குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை. அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் மலையடிவார விவசாயிகளுக்கு காட்டுப்பன்றி தொல்லை புதுசு இல்லை. ராத்திரி கூட்டமாக வரும். கிழங்கை தோண்டித் தின்னும். தின்றது போக மிச்சத்தை மிதித்து நாசம் செய்துவிட்டு விடியும் முன்னே போய்விடும்.

இதற்கு முடிவு கட்ட, காப்புக்காட்டில் இருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டசபையில் அறிவித்தார். 1 கி.மீ. வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்து காட்டில் விட வேண்டும்.

சுடுவது என்று ஆன பிறகு, எதை வைத்து குறி பார்ப்பது என்ற கேள்வி வருகிறது. துப்பாக்கி மேலே மாட்டும் தொலைநோக்கிக்கு பெயர்தான் 'ஸ்கோப்'. பெரிசா காட்டுகிற ஸ்கோப்தான் நல்ல ஸ்கோப் என்று பலரும் நினைக்கிறார்கள். நம்ம ஊர் தோட்டத்துக்கு அது சரிப்படாது.

9 மடங்கில் என்ன தெரியும்?

கடைகளில் அதிகம் விற்கும் ரகம் 3 முதல் 9 மடங்கு வரை பெரிசாக்கிக் காட்டும். முன்பக்க கண்ணாடி 40 மி.மீ. இதை 9 மடங்கில் வைத்து 100 மீட்டர் தூரத்தை பார்த்தால், சுமார் 4 மீட்டர் அகலம்தான் கண்ணுக்கு தெரியும். 3 மடங்கில் வைத்தால் 11 மீட்டர் வரை தெரியும்.

பன்றி சுடுவது 100 மீட்டரில் இல்லை. சோளக்காட்டு வரப்பில் 40, 50 மீட்டருக்குள் நடக்கிற வேலை. 50 மீட்டரில் 9 மடங்கு வைத்தால் தெரிவது 2 மீட்டர் அகலம். பன்றியே அதில் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் குட்டி நிற்கிறதா, தண்ணீர் பாய்ச்ச டார்ச் லைட்டோடு ஆள் வருகிறாரா என்பது தெரியவே தெரியாது. 1 முதல் 4 அல்லது 6 மடங்கு வரை போகிற சின்ன ஸ்கோப்தான் இங்கே சரி.

இருட்டுக்கும் கணக்கு உண்டு

முன்கண்ணாடி அளவை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டத்தின் அளவு கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும். வயசு ஏற ஏற அது குறையும். வெளிச்ச வட்டம் கண்மணியை விட சின்னதானால் காட்சி மங்கும். மடங்கை 5, 6க்கு குறைத்தாலே போதும், அந்தி வெளிச்சத்திலும் உருவம் தெளிவாகும்.

இன்னொரு விஷயம், உதைப்பு. இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் மாதிரி துப்பாக்கி தோளில் நன்றாக உதைக்கும். ஏர்கன்னுக்கு செய்த மலிவு ஸ்கோப்பை அதில் மாட்டினால் சீக்கிரமே குறி தப்பிவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் சுமார் 9 செ.மீ. இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

ரைபிள் குண்டு குறி தப்பினால் ஒரு கி.மீ.க்கு மேலும் பறக்கும். இங்கே காட்டுக்கொட்டாய் இல்லாத திசை ஏது? அதனால் பரண் மேல் இருந்து கீழ்நோக்கி சுட வேண்டும். தப்பினாலும் குண்டு மண்ணில் புதையும். பின்னால் மண் இருக்கிறதா, மனுஷன் இருக்கிறானா என்று எந்த ஸ்கோப்பும் சொல்லாது. சுடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

நாட்டுத் துப்பாக்கியில் மாட்டினால்?

காசு தண்டம். நாட்டுத் துப்பாக்கி குழலுக்குள் வரிப்பள்ளம் கிடையாது. கிட்டத்தில் இருப்பதை சுடலாமே தவிர, தூரத்துக் குறிக்கு லாயக்கில்லை. ஆயுதச் சட்டம் 1959ன் 13வது பிரிவு, பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கிறது. ஆனால் லைசென்ஸ் இருந்தாலும் தன்னிஷ்டத்துக்கு பன்றியை சுட முடியாது. 2022 திருத்தத்துக்கு பிறகு வனவிலங்கு சட்டத்தில் காட்டுப்பன்றி 2வது அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 வருஷம் வரை ஜெயில்.

2024 செப்டம்பரில் மேட்டூரை அடுத்த கொளத்தூர் பகுதியில் ஆடுகளை அடித்து வந்த சிறுத்தை, குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தது. ஆட்டுக்காரர்களின் வேதனை நியாயம்தான். ஆனால் அரசு கை கொடுக்க தாமதமானால் ஊருக்குள் துப்பாக்கிதான் பேசும் என்பதை அந்த சம்பவம் காட்டிவிட்டது.

கேரளாவில் 2022ல் பஞ்சாயத்து தலைவர்களுக்கே பன்றியை சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களை பட்டியல் போட்டு அழைத்தார்கள். இங்கே அந்த வேலை வனத்துறை கையில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் நல்ல குறிகாரர், சின்ன மடங்கு ஸ்கோப், பரண், முன்கூட்டியே ஊருக்கு தண்டோரா என எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

அதோடு, மலையை ஒட்டிய தோட்டங்கள் பலவும் 3 கி.மீ.க்கு உள்ளேயே வரும். அங்கே சுடவும் வழியில்லை. அந்த விவசாயிக்கு தேவை ஸ்கோப் இல்லை, காலதாமதம் இல்லாத நஷ்டஈடு. அதிகாரிகள் பார்வை அந்தப் பக்கமும் திரும்புமா?