கிடங்கின் சாவி யார் கையில்?

நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடங்களிலும் கைப்பேசிச் செயலி மூலமே என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. செயலி மக்கர் செய்தால் யார் கூலி போகும் என்பதை மேல்மலையனூர் விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மென்பொருள் நம் விவகாரமே.

மென்பொருளை இயக்கும் கட்டளைகளே நிரல். அதைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். ஆனால் அந்த நிரலில் பெரும்பகுதி கிட்ஹப் என்னும் ஒரே கிடங்கில் கிடக்கிறது. 2018-ல் மைக்ரோசாப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. சரக்கு பொதுச் சொத்து. சாவியோ ஏகபோக முதலாளியின் மடியில்!

2019-ல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரானிய நிரலாளர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது. 2021-ல்தான் அவர்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. 2014 டிசம்பரில் நம் சர்க்கார் 32 தளங்களை முடக்கியபோது கிட்ஹப்பின் ஒரு பகுதியும் சிக்கியது.

மாற்று உண்டு. 2005-ல் பிறந்த கிட் என்னும் கருவி ஒவ்வொரு நிரலாளரிடமும் முழு நகலைத் தருகிறது. ஆனால் குறை முறையீடுகளும் விவாதங்களும் கிடங்கிலேயே தங்கிவிடும். ஆகவே கிடங்கும் நமதாக வேண்டும். பெர்லினில் 2018-ல் அமைந்த கோட்பெர்க், உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் நடக்கும் சங்கம். மின்சாரம், பராமரிப்பு எனச் செலவு உண்டுதான். சந்தா கட்டிச் சங்கம் நடத்துவது நமக்குப் புதிதா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நிரல் கற்கும் நம் பிள்ளைகள் தங்கள் உழைப்பைப் பொதுக் கிடங்கில் வைக்கட்டும்; கிட்ஹப்பில் நகல் மட்டும் இருக்கட்டும். விதை மணிலாவைப் பண்ணையார் வீட்டில் போட்டுவிட்டு, மழை பெய்த பிறகு வாசலில் கையேந்தி நிற்கலாமா?